மூழ்கியோரை மீட்கும் கலை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கடலுக்கும் இவ்வூருக்கும் இடையே தொலைவு மிகுதி. இவ்வட்டாரத்து உழவுத் தொழிலைக் காப்பவை ஏரிகளும் கிணறுகளுமே ஆகும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்யுமாயின், ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தோடும். வயற்கிணறுகளில் நீர் மேலேறி நிற்கும். அந்நாளில் ஊர்ச் சிறுவர்க்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தந்தையின் கண்பார்வையில் கிணற்றில் நீந்தப் பழகுவது தமிழ்நாட்டு ஊர்களில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். இன்று சுரைக்குடுக்கையின் இடத்தைப் பிளாஸ்டிக் கேன் பிடித்துக்கொண்டது. பழக்கும் முறை மாறவில்லை.

வாழ்வு தரும் அந்த நீரே சில வேளைகளில் உயிரையும் கொள்கின்றது. ஏரியின் உள்வாயில் மண் எடுத்த பள்ளங்கள் நீர் நிரம்பிய பின்னர்க் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முழங்கால் அளவு நீரில் நடந்து செல்பவன், அடுத்த அடியில் தலைக்கு மேல் நீருள்ள பள்ளத்தில் விழுகின்றான். கரையில் நிற்கும் தோழன் அதைக் காண்கின்றான். அவன் மனம் பதைக்கின்றது. சற்றும் எண்ணிப் பாராமல் அவனும் குதிக்கின்றான். மூழ்குபவனோ, கைக்கு எட்டிய எதையும் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றான். காக்க வந்தவனின் கழுத்தையே அவன் இறுகப் பற்றுகின்றான். இருவரும் நீருள் மறைகின்றனர். ஓருயிரைக் காக்க முற்பட்ட அன்பு, ஈருயிரின் இழப்பாக முடிகின்றது. இத்தகைய துயரச் செய்திகள் நாளிதழ்களில் ஆண்டுதோறும் வருகின்றன.

இத்துயரம் ஓரூருக்கோ ஒரு நாட்டுக்கோ மட்டும் உரியதன்று. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் இளஞ்சிறாரும் பலர். ஆதலின், அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, ஜூலைத் திங்கள் 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

மேலே கூறிய தோழனிடம் அன்புக்குக் குறைவில்லை, அஞ்சாமைக்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றே. அது பயிற்சி. நீரில் இடர்ப்படுவோரை மீட்பது வெறும் துணிவினால் மட்டும் கைகூடுவதன்று. அது முறையாகக் கற்க வேண்டிய ஒரு கலை. அக்கலையை முழுமையாகக் கற்பிக்கும் பயிற்சிகளுள் ஒன்று, ஸ்கூபா கருவி அணிந்து நீரடியில் சென்று மீட்கும் மீட்பு முக்குளிப்பாளர் பயிற்சி. கடல் அறியாத ஊரில் வாழ்வோர்க்கும் அப்பயிற்சி கூறும் பாடம் பெரிதும் பயன்படுவதாகும்.

நீரில் மூழ்கித் தொழில் புரிதல் தமிழர்க்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தோர், எக்கருவியின் துணையும் இன்றி, மூச்சை அடக்கியே மூழ்கினர். முத்துக் குளிப்போன் காலில் ஒரு கல்லின் துணைகொண்டு விரைந்து கீழிறங்குவான். தோணியில் நிற்கும் துணைவன் கயிற்றைக் கையில் பற்றியிருப்பான். கீழிருந்து கயிறு அசைந்த கணமே மேலே இழுப்பான். கயிற்றைப் பிடிப்பவன் மூழ்குவோனின் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்று கூறும் வழக்கமும் உண்டு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதால், அவன் கை தளரான் என்பது கருத்து. நீருக்குள் தனியே செல்லலாகாது. நம்பத்தக்க துணையோடுதான் செல்ல வேண்டும் என்னும் இவ்விதியே இன்றைய முக்குளிப்புக் கலைக்கும் அடிப்படையாக விளங்குகின்றது.

மூச்சை அடக்கி மூழ்குவோர் நீரடியில் நெடுநேரம் தங்குதல் இயலாது. இக்குறையைப் போக்கும் கருவியை 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்னும் கடற்படை அலுவலரும் காஞான் என்னும் பொறியியல் வல்லுநரும் உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையில் காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். வாயில் கவ்வும் சீராக்கி என்னும் கருவி, மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் தேவையான அளவு காற்றை விடும். ஸ்கூபா என்னும் பெயர், நீரடியில் தன்னிறைவாக மூச்சுவிட உதவும் கருவி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்தது. காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பை மாற்றிக்கொள்ள உதவும் மேற்சட்டை, நீரில் இறங்க உதவும் ஈயக் கட்டிகள், முகமூடி, துடுப்புக் காலணி, ஆழமானி ஆகியவையும் முக்குளிப்பவருக்கு உரிய பிற கருவிகள்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும். நிலத்தின்மேல் வாழும் அனைவரும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றனர். நீரில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால், மற்றுமொரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்காகின்றது. அழுத்தம் இருமடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பாயில் கண்டறிந்த விதி. வகுப்பறையில் வெறும் கணக்காகத் தோன்றும் இவ்விதி, நீருக்குள் உயிர் காக்கும் விதியாகி விடுகின்றது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்த ஒருவர், மூச்சை அடக்கியவாறே மேலே வந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முற்படும். நுரையீரல் அதைத் தாங்காது கிழிந்துவிடும். ஆதலின், முக்குளிக்கக் கற்போர்க்கு முதல் நாளில் கூறப்படும் முதற்பாடம், எந்நிலையிலும் மூச்சை அடக்காதே என்பதாகும்.

மற்றுமோர் இடரும் உண்டு. அழுத்தம் மிகுந்த ஆழத்தில் மூச்சு விடும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் உடலின் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியே தீங்கின்றி வெளியேறும். விரைந்து மேலேறினாலோ, சோடாப் புட்டியைத் திடீரெனத் திறந்தாற்போல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் தாங்கொணா வலியும், சில வேளைகளில் பக்கவாதமும் உண்டாகும். 1908-ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் அறிவியலறிஞர் படிப்படியாக மேலேறும் முறையை ஆராய்ந்து அட்டவணை வகுத்தார். ஆகவே, மீட்பவர் எவ்வளவு பதற்றம் கொண்டாலும், அம்பு போல மேலே பாய்தல் கூடாது. இடருற்றவரைக் காக்கும் விரைவு ஒருபுறம், உடலின் விதி மறுபுறம் என இரண்டையும் நிறுத்துப் பார்த்து நடக்கும் தெளிவு அவருக்கு வேண்டும்.

இனி, பயிற்சிக்குச் செல்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதைக் காண்போம். நீந்தவே அறியாதவர் நேரே இப்பயிற்சியில் சேர்தல் இயலாது. முதலில் முக்குளிப்பின் அடிப்படைப் பயிற்சியையும், அடுத்து ஆழ்நீரிலும் திசையறிந்தும் செல்லும் பயிற்சியையும் முடித்திருத்தல் வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் அண்மையில் பெற்றிருத்தல் வேண்டும். அதன் பின்னரே மீட்புப் பயிற்சி தொடங்கும். அது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாட்கள் நடைபெறும். வகுப்பறைப் பாடம் ஒரு பகுதி. நீச்சல் குளம் போன்ற அடங்கிய நீரில் பழகுதல் ஒரு பகுதி. கடலில் செய்து காட்டுதல் ஒரு பகுதி. கீழ்பென்னாத்தூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிக் கடற்கரையிலும், தொலைவிலுள்ள அந்தமான் தீவுகளிலும் ஸ்கூபா முக்குளிப்புக் கற்பிக்கப்படுகின்றது.

பிறரை மீட்கக் கற்க வந்தவர், பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு வியப்பை அடைவார். அங்கே முதலில் கற்பிக்கப்படுவது பிறரை மீட்பதன்று. தன்னைத் தான் காத்துக்கொள்வதே. கால் தசை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, முகமூடியில் நீர் புகுந்தால் எவ்வாறு அகற்றுவது, காற்றுத் தீர்ந்தால் துணைவரின் மாற்றுச் சீராக்கியை எவ்வாறு பெறுவது என்பனவற்றை அவர் மீண்டும் மீண்டும் பழகுவார். தன்னைக் காக்க இயலாதவர் பிறரைக் காக்கச் சென்றால், மீட்க வேண்டியோர் எண்ணிக்கையில் ஒன்று கூடுமேயன்றிக் குறையாது. நில், மூச்சு விடு, எண்ணிப் பார், பின்னர்ச் செயல்படு என்னும் நான்கு கட்டளைகள் அவர் மனத்தில் ஆழப் பதிக்கப்படும்.

அடுத்தது, இடரை வருமுன் அறிதல். நீரில் நேரும் பெருந்துன்பம் பெரும்பாலும் ஒரு சிறு கலக்கத்திலேயே தொடங்குகின்றது. முக்குளிக்க இறங்குமுன் ஒருவர் வழக்கத்திற்கு மாறாக வாய் மூடி இருக்கலாம். கருவியைச் சரிபார்க்கும்போது அவர் கை நடுங்கலாம். நீருக்குள் மூச்சு விரைவாக வாங்கலாம். கண்கள் அகல விரிந்திருக்கலாம். இவற்றைக் கண்டு, அருகே சென்று, கைச்சைகையால் வினவி, அமைதிப்படுத்தும் துணைவரே சிறந்த மீட்பாளர். விபத்து நேர்ந்த பின் செய்யும் அருஞ்செயலைவிட, நேராமல் தடுக்கும் சிறுசெயல் மேலானது.

இதன்பின் மீட்பு முறைகள் ஒவ்வொன்றாகப் பழக்கப்படும். களைத்தவரை மீட்பது எளிது. அவருடைய மேற்சட்டையில் காற்றை நிரப்பி மிதக்கச் செய்து, ஆறுதலாகப் பேசி, கரைக்கோ படகுக்கோ இழுத்து வரலாம். அச்சத்தால் அறிவிழந்தவரை மீட்பதோ அரிது. அவரைக் கைக்கெட்டும் தொலைவுக்கு முன்னரே நின்று, உரத்த குரலில் அழைத்து, மிதவையை நீட்ட வேண்டும். நெருங்கியே தீர வேண்டுமாயின் பின்புறமாகச் சென்று அவருடைய காற்றுருளையைப் பற்ற வேண்டும். அவர் திரும்பித் தன்னைப் பற்றிக்கொண்டால், மீட்பவர் மேலே எழ முயலாமல் நீருக்குள் இறங்க வேண்டும். அச்சமுற்றவர் விரும்புவது மேற்பரப்பையே ஆதலின், கீழே செல்பவரை அவர் தாமே விட்டுவிடுவார். பயிற்சியின்போது ஆசிரியரே அச்சமுற்றவர் போல நடித்து, மாணவரின் முகமூடியைப் பிடுங்கி, தோளின்மேல் ஏறி அழுத்துவார். அந்தப் போராட்டத்தில் மாணவர் முதன்முறை தோற்பதும் உண்டு. தோற்று மீண்டும் முயல்வதும் பயிற்சியின் ஒரு கூறே.

காணாமற்போனவரைத் தேடுதல் மற்றொரு பாடம். எவ்விடத்தில், எப்பொழுது அவரைக் கடைசியாகக் கண்டனர் என்று கேட்டறிந்து, அவ்விடத்தில் மிதவை ஒன்றை நிறுத்த வேண்டும். கண்டவர் ஒருவரை அவ்விடத்தையே நோக்கிக் கொண்டிருக்கச் செய்ய வேண்டும். பின்னர், நடுவில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க, மற்றவர் கயிற்றின் மறுமுனையைப் பற்றி வட்டமாகச் சுற்றித் தேட வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைச் சற்றே நீட்டி அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். மனம் போன போக்கில் அங்குமிங்கும் அலைந்தால், தேடிய இடத்தையே தேடி நேரம் வீணாகும்.

உணர்விழந்து அடியில் கிடப்பவரைக் கண்டால், அவரைத் தாங்கிப் பிடித்து மேலே கொணர்ந்து, உடனே மிதக்கச் செய்து, ஈயக் கட்டிகளைக் கழற்றி, உதவி கோரிக் குரல் கொடுக்க வேண்டும். மூச்சு இல்லையெனில், நீரில் மிதக்கும்போதே 5 நொடிக்கு ஒருமுறை மூச்சளித்துக்கொண்டு கரைநோக்கி இழுத்து வர வேண்டும். ஒரு கையால் இழுத்து, மறு கையால் கருவிகளைக் கழற்றி, இடையிடையே எண்ணிக்கை தவறாது மூச்சும் அளிக்கும் இப்பகுதியே பயிற்சியில் மிகக் கடினமானது எனலாம். கரை சேர்ந்ததும், நாடித்துடிப்பு இல்லாதவருக்கு நெஞ்சழுத்த முதலுதவி தொடங்கும். நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை என்னும் விரைவில், நெஞ்சின் நடுவே 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு 30 முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சளித்தல் வேண்டும். ஆக்சிஜன் அளிக்கும் முறையும் கற்பிக்கப்படும். மூச்சு நின்று சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்குமாதலின், மருத்துவர் வரும் வரையில் இப்பணி நிற்கலாகாது.

இத்தனை பயிற்சி பெற்றோர்க்கும் நீர் இரக்கம் காட்டுவதில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், தாய்லாந்து நாட்டின் தாம் லுவாங் என்னும் குகையில் காற்பந்தாட்டக் குழுவைச் சேர்ந்த 12 சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டனர். பல நாட்டு முக்குளிப்பாளர்கள் அங்குக் கூடினர். ஜூலை 2-ஆம் நாள் சிறுவர்கள் உயிருடன் கண்டறியப்பட்டனர். எனினும் உடனே அவர்களை வெளிக்கொணரத் துணியாமல், வழியெங்கும் காற்றுருளைகளை வைத்து, திட்டமிட்டு, ஒத்திகை பார்த்தனர். அப்பணியில் ஈடுபட்ட சமான் குணான் என்னும் முன்னாள் கடற்படை வீரர், காற்றுருளைகளை வைத்துத் திரும்பும் வழியில் உணர்விழந்து, ஜூலை 6-ஆம் நாள் உயிர் நீத்தார். ஜூலை 10-ஆம் நாளுக்குள் பதின்மூவரும் மீட்கப்பட்டனர். உலகமே வியந்த அம்மீட்பு, பொறுமையினாலும் திட்டத்தினாலும் விளைந்தது. அதன் விலையாக ஒரு நல்லுயிரும் போயிற்று.

உள்நாட்டு ஏரியிலும் கிணற்றிலும் மீட்புப் பணி வேறு வகையில் கடினமானது. கலங்கிய நீரில் தன் கையே தனக்குத் தெரியாது. கைகளால் தடவித்தான் தேட வேண்டும். வேலிக்காத்தான் முட்களும், வலைகளும், சேறும் காலைப் பற்றும். பயன்படாத கிணறுகளில் நச்சுக்காற்று தேங்கியிருத்தலும் உண்டு. அங்கே இறங்குபவர் நீரைத் தொடுமுன்னரே மயங்கி வீழ்வார். இப்பணிகளில் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் ஈடுபடுகின்றனர். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவு ஒன்று அரக்கோணத்தில் உள்ளது. வெள்ளக் காலங்களில் அப்படையினரும் துணைக்கு வருகின்றனர்.

அவர்கள் வந்து சேரும் வரையில், கரையில் நிற்கும் மாணவன் செய்யத்தக்கது யாது? முக்குளிப்பாளர் கற்கும் பாடமே அவனுக்கும் வழிகாட்டும். முதலில் நின்று எண்ண வேண்டும். உரக்கக் குரல் எழுப்பிப் பெரியோரை அழைக்க வேண்டும். நீளமான கழியையோ கிளையையோ, முடிச்சிட்ட வேட்டியையோ சேலையையோ தரையில் படுத்தவாறு நீட்டலாம். நீர் இறைக்கும் கயிறு, காற்றடைத்த டியூப், மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் குடம் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் எறியலாம். வெற்றுக் குடம் ஒன்று, நீந்தத் தெரிந்த தோழனைவிட மேலான துணையாகும். அது மிதக்கும், அஞ்சாது, யாரையும் பற்றி அழுத்தாது. தீயணைப்புத் துறைக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 108, எல்லா உதவிக்கும் 112 ஆகிய எண்களை நினைவில் கொள்ளல் வேண்டும். மூழ்கியவன் எங்கே மறைந்தான் என்பதைக் கண் அகலாது நோக்கி, வருவோர்க்குக் காட்டுதலும் பேருதவியாம்.

மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் சில ஊர்களில் இன்னும் காணப்படும் தவறான முறைகள். வயிற்றை அழுத்தினால் உள்ளிருப்பது மேலெழுந்து மூச்சுக்குழலுள் புகும். அரிய நிமிடங்களும் வீணாகும். அவருக்கு வேண்டுவது மூச்சும் நெஞ்சழுத்தமுமே. அம்முறையைப் பள்ளியில் முறையாகக் கற்பிப்பார் உளராயின், ஒவ்வொரு மாணவனும் அதைக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

நீரை அஞ்சி விலகுதல் இவ்வுரையின் நோக்கமன்று. ஏரியும் கிணறும் சூழ்ந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் நீந்தக் கற்பது கடமை. நீந்தத் தெரிந்தவன் தன்னைக் காப்பான். மீட்கக் கற்றவன் பிறரையும் காப்பான். ஆனால், மூழ்குபவனைக் கண்டதும் கால் முந்துவது இயல்பு. அறிவு முந்துவது பயிற்சி. அடுத்த மழைக்காலத்தில் கீழ்பென்னாத்தூர் ஏரிகள் நிரம்பும். கரையில் சிறுவர் கூடுவர். அவர்களுள் ஒருவன், குதிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று, அருகில் கிடக்கும் கயிற்றை நோக்கித் திரும்புவானாயின், அந்த ஒரு கணம் இரண்டு தாய்மார்களின் கண்ணீரைத் தடுத்துவிடும்.